மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் வாயில்



சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் காட்டின் நடுவே அமைந்த ஊர் திருவேங்கடம். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. பருத்தியும் மிளகாயும் விளையும் மானாவாரி நிலமும் தீப்பெட்டித் தொழிலுமே இவ்வட்டார மக்களுக்குப் பிழைப்பு. இங்குள்ள பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான்.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு மாலைப் பொழுது, என் பழைய மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவர் சுகாதாரத் துறையில் ஆய்வுக்கூட நுட்பநர். மகள் அரசுப் பள்ளியிலேயே பயின்றவள்; மருத்துவப் படிப்புக்குரிய நீட் தேர்வை எழுதியிருந்தாள்; 720-க்கு அவள் பெற்ற மதிப்பெண் போதவில்லை. "ஐயா, இவளை மறுபடியும் எழுதச் சொல்லலாமா? இல்லை, வேறு படிப்பில் சேர்த்துவிடலாமா?" என்று அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு நான் உடனே விடை கூறவில்லை. ஏனெனில், அதே கேள்வியை அதே திண்ணையில் 1991-ஆம் ஆண்டில் அவர் தமக்காகக் கேட்டார். அன்று நான் சிறிதும் தயங்காமல் விடை கூறினேன். அந்த விடை சரியா, பிழையா என்பதை ஆராயப் புகுந்தபோது, மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியின் கதவு எப்பொழுதெல்லாம் திறந்திருந்தது, எப்பொழுதெல்லாம் மூடியது என்ற வரலாற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது. அதனையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சென்னையில் மேனாட்டு மருத்துவம் கற்பிக்கும் பள்ளி 1835-ஆம் ஆண்டில் தோன்றி, 1850-இல் கல்லூரி என்ற பெயர் பெற்றது. நெடுங்காலம் வரை இம்மாகாணத்தில் மருத்துவராவதற்கு ஒரே வழி என்பது இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தின் உயர்ந்த பட்டம் ஒன்று. அதற்கு ஒரு படி கீழே எல்.எம்.எஸ். என்னும் பட்டம், அதற்கும் கீழே, மருத்துவப் பள்ளிகளில் குறைந்த ஆண்டுகள் பயின்று பெறும் எல்.எம்.பி. என்னும் உரிமம். இவ்வாறு மாடிப்படிகள் போலப் பல படிகள் இருந்தன. மேற்படியில் கால்வைக்க இயலாதவர் கீழ்ப்படியில் நின்றும் நோயாளிக்குத் தொண்டு செய்யலாம்; ஆற்றலும் காலமும் வாய்த்தால் மேலேயும் ஏறலாம்.

அவ்வாறு ஏறியவர்களில் முதலில் கூறத்தக்கவர் மேரி ஷார்லீப் அம்மையார். 1875-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது உள்ளே சென்ற நால்வருள் அவர் ஒருவர். முழுப் பட்டப்படிப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. மூன்றாண்டுப் படிப்பே கிட்டியது. அதனை முடித்த அம்மையார் இங்கிலாந்துக்குச் சென்று மீண்டும் மாணவியாக அமர்ந்து, 1882-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தைப் பெற்றுச் சென்னைக்குத் திரும்பினார். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கென அவர் முயற்சியால் எழுந்த மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் விளங்குகிறது. கீழ்ப்படி ஒன்று இல்லாதிருந்தால் அவர் முதல் அடியை எங்கே வைத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவதாகக் கூறவேண்டியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் கதர் உடுத்தது அறுவை மருத்துவப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை என்பர். முடிவில் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, தாழ்ந்ததாகிய எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது. மாகாண மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்காமல், ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் உடற்கூறு கற்பிக்கும் விரிவுரையாளராக அமர்ந்தார்.

மெட்ரிகுலேஷனில் இருமுறை தோல்வி; பட்டத்தில் ஒருபடித் தாழ்வு; அரசுப் பணியில் மறுப்பு. இப்படிப்பட்ட சான்றிதழ்களுடன் ஓர் இளைஞன் இன்று நம் முன் வந்து நின்றால் நாம் என்ன சொல்வோம்?

1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் படித்துக்கொண்டே, வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார். 1925-இல் அவரும் அவருடைய பேராசிரியர் பிஸ்கேயும், குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டனர்; அம்முறை இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. 1929-இல் உயிரணுவின் ஆற்றலுக்கு அடிப்படையாகிய ஏ.டி.பி. என்னும் பொருளைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே அதனைக் கண்டார். 1940 முதல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவின் தலைமையில் நடந்த ஆராய்ச்சிகளால் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழி பிறந்தது. அதனைத் தொடர்ந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதல் மருந்து பிறந்தது. 1948-இல் ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி வெளிவந்தது. யானைக்கால் நோய்க்குரிய டி.இ.சி. மாத்திரையும் அவ்வாய்வுக்கூடத்தின் கொடையே. 1948 ஆகஸ்டில் ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். நூற்றாண்டு விழா வந்த 1995-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். தோற்றவரெல்லாம் சுப்பாராவ் ஆகிவிடுவதில்லை. ஆயிரம் பேரில் ஒருவரைக் காட்டி மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்குப் பொய்ந்நம்பிக்கை ஊட்டுவது ஆசிரியனுக்கு அழகன்று. நான் காட்ட விரும்புவது அவர் மேதையை அன்று. அவர் காலத்தில் இருந்த படிகளை. மூன்றாம் முறை தேறியவனையும் கல்லூரி ஏற்றுக்கொண்டது, எல்.எம்.எஸ். பெற்றவனையும் மேல்நாட்டு ஆய்வுக்கூடம் ஏற்றுக்கொண்டது.

அப்படிகள் எவ்வாறு மறைந்தன? வேலூரில் 1918-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளி எல்.எம்.பி. படிப்புடனேயே தொடங்கிற்று. 1938-இல் சென்னை ராயபுரத்து மருத்துவப் பள்ளி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. வேலூர்ப் பள்ளியும் 1942-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. 1943-இல் இந்திய அரசு அமைத்த போர் குழு 1946-இல் அறிக்கை தந்தது. அன்று நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர் ஏறத்தாழ 47,500 பேர். அவருள் ஏறத்தாழ 30,000 பேர் எல்.எம்.பி. போன்ற உரிமம் மட்டுமே பெற்றவர்கள். ஆயினும், நாட்டுக்கு ஒரே தரமுடைய மருத்துவரே வேண்டும் என்று குழுவின் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். ஏழைக்கு ஒரு தர மருத்துவர், செல்வர்க்கு ஒரு தர மருத்துவர் என்ற நிலை கூடாது என்னும் நியாயம் அம்முடிவில் இருந்தது. எனினும், கீழ்ப்படி அகற்றப்பட்டதும், மேற்படி ஒன்றே வாயிலாயிற்று.

இது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் 1910-ஆம் ஆண்டில் பிளெக்ஸ்னர் என்பவர் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். தரம் குறைந்த கல்லூரிகள் பல அதன்பின் மூடப்பட்டன. கறுப்பின மக்களுக்கென இருந்த ஏழு கல்லூரிகளுள் ஹோவர்டு, மெஹாரி என்னும் இரண்டே எஞ்சின. தரம் உயர்ந்தது உண்மை. வாயில் குறுகியதும் உண்மை. ஆனால் அந்நாட்டில் வேறொரு வழி பின்னாளில் உருவாயிற்று. அங்கே ஒருவர் முதலில் ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பின்னரே பெரும்பாலும் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார். பட்டப்படிப்பில் மதிப்பெண் சராசரி குறைந்தவரும், அறிவியலே படிக்காதவரும், பட்டத்துக்குப் பின் ஓராண்டோ ஈராண்டோ வேதியியல், உயிரியல், இயற்பியல் பாடங்களை முறையாகப் பயின்று, தம் தகுதியை மீண்டும் மெய்ப்பிக்கலாம். அதற்கெனவே பல பல்கலைக்கழகங்கள் ஆயத்தப் படிப்புகளை நடத்துகின்றன. அப்படிப்பிலும் எளிதில் இடம் கிட்டாது, செலவும் மிகுதி. ஆயினும், பத்தொன்பது வயதில் தவறியவன் இருபத்து நான்கு வயதில் திருந்தியதைக் காட்ட அங்கே ஓர் இடம் இருக்கிறது.

நம் நாட்டிலோ பதினேழு வயதிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகையால், அந்த ஒற்றை வாயிலில் யாரை நுழைய விடுவது என்பதைப் பற்றிய வழக்குகளே நம் வரலாறாயின.

சென்னை மாநிலத்தில் 1950-இல் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகள்; மொத்த இடங்கள் 330. வகுப்புவாரி அரசாணையின்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பகிரப்பட்டது. இதனை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையார் உயர்நீதிமன்றம் சென்றார். அவர் பள்ளி முடித்த சிறுமி அல்லர்; முன்னமே பட்டம் பெற்றவர். உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அந்த ஆணை செல்லாது என்றன. தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, கல்வியிலும் சமுதாயத்திலும் பிற்பட்ட வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் அரசுகளுக்கு அளிக்கப்பட்டது. மதிப்பெண் ஒன்றே தகுதியைக் காட்டுமா என்னும் கேள்வி நம் மாநிலத்திலிருந்து எழுந்து நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே மாற்றிற்று.

அடுத்து எழுந்தது ஊர்ப்புறத்தின் கேள்வி. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் மருத்துவ இடங்களை மக்கள்தொகைக்கு ஏற்ப மாவட்டந்தோறும் பகிர்ந்தளிக்கும் விதி இருந்தது. திருநெல்வேலி மாவட்டத்துப் பிள்ளை தன் மாவட்டத்துப் பிள்ளைகளோடு போட்டியிட்டால் போதும். 1968-இல், இராஜேந்திரன் என்னும் மாணவர் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் அவ்விதியைத் தள்ளியது. ஒரு மாவட்டத்தில் மிகுந்த மதிப்பெண் பெற்றவன் இடமின்றி நிற்க, மற்றொரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவன் இடம் பெறுவது சமத்துவத்துக்கு மாறானது என்பது தீர்ப்பின் சாரம். பெரியகருப்பன் வழக்கில் கல்லூரிவாரியாகப் பிரித்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் தள்ளப்பட்டது. நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் ஒதுக்கியிருந்த முறையும் அவ்வழக்கில் ஆராயப்பட்டது.

தீர்ப்பின் தருக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் இக்கரிசல் காட்டிலிருந்து நோக்கும்போது ஒன்று கூறத் தோன்றுகிறது. 1991-இல் என் மாணவன் மேல்நிலைத் தேர்வு எழுதிய ஆண்டில், அவன் பயின்ற பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் பாதி ஆண்டுக்கு மேல் காலியாக இருந்தது. உயிரியலில் நல்ல மதிப்பெண், வேதியியலிலும் குறைவில்லை, இயற்பியலில் மட்டும் சரிந்தது. அம்மதிப்பெண் அளந்தது பையனையா, காலி நாற்காலியையா?

மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்தபோது அதன் முதல் அணியில் படித்தவன் நான். 1984-ஆம் ஆண்டு நான் ஆசிரியப் பணி ஏற்றேன். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாநில நுழைவுத் தேர்வு வந்ததும் அவ்வாண்டே. பள்ளித் தேர்விலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக 300 என்று கணக்கிட்டு, அரை மதிப்பெண்ணிலும் கால் மதிப்பெண்ணிலும் பிள்ளைகளின் வாழ்வு நிர்ணயிக்கப்பட்ட காலம் அது. ஆயினும் அன்று ஓர் இரண்டாம் வாயில் இருந்தது. தேறிய மாணவன் தன் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மறுபடியும் மேல்நிலைத் தேர்வு எழுதலாம். இம்ப்ரூவ்மென்ட் என்று ஊரெல்லாம் அதனைச் சொல்வர். புதிதாக எழுதுவோரின் இடங்களை மறுபடி எழுதுவோர் பறித்துக்கொள்கின்றனர் என்ற முறையீடு எழுந்ததால் பிற்காலத்தில் அது நீக்கப்பட்டது. ஆனால் 1991-இல் அவ்வழி திறந்தே இருந்தது. தேர்வுக் கட்டணமே அதற்குரிய செலவு.

அம்மாணவன் கேட்டது அதைத்தான். "இன்னும் ஓர் ஆண்டு வீட்டிலிருந்து படித்து எழுதட்டுமா, ஐயா?" என்றான். தந்தை தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. ஆசிரியர் சொல்லை வேதவாக்காகக் கொள்பவர். நானோ, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உளநூல் பயின்றவன் என்ற செருக்குடன், "விளையும் பயிர் முளையிலே தெரியும், ஓராண்டை வீணாக்காதே" என்று கூறி, ஆய்வுக்கூட நுட்பநர் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். இயற்பியல் நாற்காலி காலியாக இருந்ததை அன்று நான் அறிவேன். அறிந்திருந்தும் அதனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

2006-இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் நுழைவுத் தேர்வு நீங்கியது. 2017 முதல் நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தது. இதன்பின் நடந்ததே இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது. நீதிபதி ஏ.கே. இராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, மருத்துவக் கல்லூரிகளில் இடம்பெற்றோருள் மறுமுறை எழுதியவர்கள் 2016-17-இல் நூற்றுக்கு 12.47, 2020-21-இல் 71.42. அஃதாவது, இரண்டாம் வாயில் மூடப்படவில்லை. அதுவே தலைவாயில் ஆகிவிட்டது. ஆனால் அவ்வாயிலில் இப்போது சுங்கம் வாங்கப்படுகிறது. மறுமுறை எழுதுவோரிற் பலர் பயிற்சி நிலையங்களில் பெரும்பொருள் கொடுத்து ஓராண்டு, ஈராண்டு தங்கிப் பயில்கின்றனர். அன்று தேர்வுக் கட்டணம் செலுத்தினால் கிடைத்த வாய்ப்பு, இன்று நிலத்தை அடகு வைத்தால் கிடைக்கும் வாய்ப்பாகிவிட்டது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இப்போட்டியில் பின்தங்கியதைக் கண்டு, நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பின், 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு சட்டமாயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு உரியது அது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே நுழைந்த இடத்தில், அவ்வாண்டே 300-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்ந்தனர். கதவை அகலத் திறந்தால் உள்ளே வரத் தகுந்தவர் வெளியே நின்றுகொண்டுதான் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்னும் ஒன்று செய்யலாம் என்பது என் எண்ணம். முதல் முறை தவறிய ஏழைப் பிள்ளைகளுக்கென ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓராண்டு ஆயத்த வகுப்பை, நல்லாசிரியர்களைக் கொண்டு, கட்டணமின்றி முழுமையாக நடத்தலாம். மறுமுறை எழுதுவதே வழக்கமாகிவிட்ட காலத்தில், மறுமுறை எழுதும் வசதி செல்வர்க்கு மட்டும் உரியதாகக் கூடாது.

இனித் திண்ணைக்கு வருவோம். அன்று மாலை என் மாணவர் தம் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கும்பகோணம் பக்கத்தில் பணியாற்றிய காலத்தில் யானைக்கால் நோய்க் கிருமி இரவில்தான் குருதியில் தென்படும் என்பதால், நள்ளிரவில் வீடு வீடாகச் சென்று குருதித் துளி எடுத்ததைச் சொன்னார். பிறகு வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையின் வரலாற்றைச் சொன்னார். சுப்பாராவ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவர் வாயிலாகத்தான். மாணவரிடம் ஆசிரியர் பாடம் கேட்ட மாலை அது.

"1991-இல் நான் உமக்குக் கூறிய யோசனை பிழையானது, அப்பா" என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "நான் பார்க்கிற வேலையும் நல்ல வேலைதானே, ஐயா" என்றார். உண்மை. அவர் வேலையில் குறை ஒன்றுமில்லை. அதனை அவரே தேர்ந்துகொள்ள நான் விடவில்லை என்பதே குறை.

பிறகு அந்தப் பெண்ணின் விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உயிரியலில் கெட்டி. இயற்பியலில்தான் தளர்வு, தந்தையைப் போலவே. "உன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஆண்டு முழுவதும் இருந்தாரா?" என்று கேட்டேன். இருந்தார் என்றாள். "அப்படியானால் குறை உன் பயிற்சியில் இருக்கிறது, திருத்தலாம். ஓராண்டு எழுது. அதற்குள் ஒரு பட்டப்படிப்புக்கும் விண்ணப்பித்து வை. அடுத்த ஆண்டும் கிட்டாவிட்டால் எந்த வழி என்பதை நீயே முடிவு செய்" என்றேன். நிச்சயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கில்லை. அவள் இப்போது தன் தாத்தா வீட்டில் தங்கி, வாரத்தில் மூன்று நாள் மாலையில் என் திண்ணைக்கு வந்து இயற்பியல் கணக்குகள் போடுகிறாள்.

கரிசல் காட்டு உழவர், முதல் மழையை நம்பி விதைத்த பருத்தி கருகினால், நிலத்தைப் பழிப்பதில்லை. அடுத்த மழைக்கு மறுபடி விதைக்கிறார்கள். மறு விதைப்புக்கு விதை கையில் வேண்டும். அதுதான் எல்லார்க்கும் இருப்பதில்லை. பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, இவ்வாண்டு மதிப்பெண் குறைந்து உங்கள் முன் வந்து நிற்கும் பிள்ளையிடம் முடிவு கூறுமுன், அம்மதிப்பெண் எதனை அளந்தது என்று ஒருமுறை கேட்டறியுங்கள். நான் கேளாமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்.